பழைய கார்டு, புதுக் கம்ப்யூட்டர், பொன்னழகி அக்கா

எங்கள் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் மேசைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குப் பக்கவாட்டு மூடி கிடையாது. உள்ளேயிருந்து பச்சை நிறக் கார்டு ஒன்று தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு தேக்குக் கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறோம். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, போட்டோ எடுத்து, கேசரி சாப்பிட்டு முடிந்ததும், இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டது அதைப் பற்றித்தான். தூக்கிப் போடலாம் என்றால் முதலாளி விடமாட்டேன் என்கிறாராம். போவதற்கு முன்னால் அது என்ன கதை என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் கண்டரமாணிக்கத்துக்காரி. பெயர் சிவகாமி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் என்று தனித்தனியாக வரும் பாகங்களைப் பொருத்தி, ஓடவிட்டுப் பார்த்து, வாங்குகிறவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவது என் வேலை. சில வருஷங்களில், கண்ணைக் கட்டிவிட்டாலும் பொருத்துவேன் என்கிற திமிர் எனக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் கனி அண்ணன் கடைக்குள் நுழைந்தார்.

அப்துல் கனி என்பது முழுப் பெயர். புரூணையில் ஒரு ஹோட்டலில் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். செக்காலைப் பக்கம் ஒரு ஜூஸ் கடைக்கு மேல் மாடியில் ஸ்டுடியோ தொடங்கியிருந்தார். வெள்ளைத் துண்டில் குழந்தையைப் போலச் சுற்றி எதையோ கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சவுண்ட் கார்டு. அப்போதே அது பழைய கார்டுதான். அதன் முதுகில் சின்னதாக ஒரு சதுர ஓட்டை இருந்தது. அதில் ஒரு ஒளிக் கேபிளைச் செருகினால், எட்டு டிராக் டேப் மெஷினில் பதிந்திருக்கும் எட்டு ஒலிகளும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக ஒரே நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் வரும் என்றார். பாடகி ஒரு டிராக், ஆர்மோனியம் ஒரு டிராக், தபலா ஒரு டிராக் என்று பிரிந்து கிடந்தால்தான் பிறகு ஒவ்வொன்றையும் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

கடைக்காரர் புதுக் கார்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். கனி அண்ணன் கோபப்படவில்லை. நன்றாக இருப்பதை எதற்கு மாற்ற வேண்டும், கம்ப்யூட்டரை இதற்குத் தகுந்த மாதிரி செய்து கொடுங்கள் என்றார். கடையில் வேறு யாருக்கும் அந்த வம்பு வேண்டாம் என்று தோன்றியதால் வேலை என்னிடம் வந்தது.

செய்து கொடுத்தேன். ஃபேன் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்பதற்காகக் கேபினட்டைப் பக்கத்து அறையில் வைத்து, சுவரில் ஓட்டை போட்டு ஒயர்களை இழுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒலிப்பதிவைத் தவிர. பாட்டுக்கு நடுவே ஏதோ நகம் கடிப்பதுபோல ஒரு சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. எனக்குப் பதற்றம். ஒயரை மாற்றினேன், டிஸ்ப்ளே கார்டை மாற்றினேன், செட்டிங்கை மாற்றினேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். கனி அண்ணன் என் கையைப் பார்த்தபடி நின்றவர், நான் அடுத்த ஸ்குருவைத் தொடப்போகும்போது பேசினார்.

"இப்ப அந்தச் சத்தம் போனாலும் எதனால போச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாத்தையும் முன்ன இருந்த மாதிரியே வையி தாயி. ஒண்ண மட்டும் மாத்து. ஒருக்கா கேப்போம்."

கடைசியில் செய்ய வேண்டியிருந்தது மிகச் சின்ன வேலை. அந்தக் கார்டை முதல் ஸ்லாட்டிலிருந்து எடுத்து மூன்றாவது ஸ்லாட்டில் போட்டேன். முதல் இடத்தில் டிஸ்ப்ளே கார்டும் இதுவும் ஒரே வழியைப் பங்கு போட்டு இடித்துக்கொண்டிருந்தன. இடம் மாறியதும் சத்தம் போய்விட்டது. நான் துள்ளிக் குதிக்காத குறை.  கனி அண்ணன் கீழே ஆள் அனுப்பி டீ சொன்னார், கூடவே வடையும் சொன்னார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதன் அர்த்தம் தெரிந்தது. வெறும் டீ என்றால் வேலை நடக்கிறது என்று பொருள். வடை வந்தால் பாராட்டு. என் வேலைக்காலம் முழுக்க அவர் வாயால் ஒரு "சபாஷ்" கேட்டதில்லை. வடை நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.

அவர் கேட்கிற விதம் தனி. எல்லோரும் ஸ்பீக்கருக்கு எதிரில் உட்கார்ந்து கேட்பார்கள். அவர் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பார். தப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்த மாட்டார். பாடகர் சுருதி விலகினாலும், நான் ஒயரை மாற்றிச் செருகினாலும், "ஒருக்கா கேப்போம்" தான். அதைக் கேட்டதுமே எங்களுக்கு வேர்க்கும்.

ஒரு கோடையில் எல்லா ஒலிப்பதிவிலும் ஓர் உறுமல் சேர்ந்துகொண்டது. நான் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் கீழே இறங்கிப்போய், கட்டடத்தின் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு மேலே வந்தார். உறுமல் பாதியாகக் குறைந்திருந்தது. எங்கள் செம்மண் காய்ந்து பாளம் பாளமாகிவிட்டால் எர்த் கம்பி மண்ணோடு சரியாகச் சேராது. அதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் எனக்குச் சேர்ந்தது. ஜூஸ் கடைக்காரர், "என்னக்கா, கம்பிக்குத் தண்ணி ஊத்துறீக, எப்பக் காய்க்கும்?" என்று கேலி செய்வார்.

வருஷங்கள் ஓடின. கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போனது. நான் முதலில் செய்த கம்ப்யூட்டரும் மதர்போர்டு வீங்கிச் செத்தது. அதற்குப் பிறகு ஸ்டுடியோவுக்கென்றே புதிதாக ஒன்றை, ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்தினேன். சத்தமே போடாத ஃபேன், வேகமான டிஸ்க் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பழைய கார்டு உட்காரும் ஸ்லாட் மட்டும் இல்லை. அந்த மாதிரி ஸ்லாட்டை உலகமே கைவிட்டிருந்தது. கார்டைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தார் கனி அண்ணன். எட்டு டிராக் டேப் மெஷினை பிளாஸ்டிக் உறை போட்டுப் பரணில் ஏற்றினோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. கனி அண்ணன் ஜும்மா தொழுகை முடித்து வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் பொன்னழகி அக்கா ஏறி வந்தார். பின்னால் அவருடைய வீட்டுக்காரர் முத்துராமன் அண்ணன்.

காளையார்கோவில் பொன்னழகி என்றால் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துத் திருவிழா மேடைகளில் தெரியாதவர் கிடையாது. மைக் நின்றுபோனாலும் பாட்டை நிறுத்த மாட்டார். கடைசி வரிசைக்கும் கேட்கும். பிறகு கழுத்தில் ஒரு கட்டிக்காக ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, அதோடு குரலும் போனது. பேசினால் காற்று மட்டும்தான் வரும். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் சொற்கள் புரியும். முத்துராமன் அண்ணன் புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் லாரி ஓட்டுகிறவர். அக்கா சொல்வதை மற்றவர்களுக்கு உரக்கச் சொல்லும் வேலையையும் அவரே பார்த்துவந்தார். அன்றைக்கு அக்கா அவரைப் பேசவிடவில்லை. நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு தானே சொன்னார்.

முந்தின வாரம் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தாராம். மேடையில் ஓர் இளவட்டக் குழு பாடியது. அதில் ஒரு பாட்டு, அக்காவே எழுதி மெட்டுப் போட்டு மேடைகளில் பாடிவந்த பாட்டு. டவுன் பஸ்ஸைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. "நிறுத்தத்துல நிக்காத பஸ்ஸுக்கு நெத்தியில எதுக்கு ஊர்ப்பேரு" என்று தொடங்கும். அந்தக் குழுவின் அறிவிப்பாளர், இது யார் எழுதியது என்றே தெரியாத கிராமத்துப் பாட்டு என்று சொல்லிவிட்டார்.

"எழுதுனவ மூணாவது வரிசையில உக்காந்துருக்கேன்" என்றார் அக்கா. "எந்திரிச்சு, அது ஏம் பாட்டுன்னு சொல்லலாம்னு வாயத் தெறந்தேன். எனக்கே கேக்கல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பாட்டையும் சேர்த்து அவருடைய சொந்தப் பாட்டுகள் பத்தை முன்பு எங்கள் ஸ்டுடியோவில் பதிவு செய்திருந்தோம். நான் சேர்வதற்கு முந்தைய காலம் அது. எட்டு டிராக் மெஷினில், வீடியோ கேசட் மாதிரியே இருக்கும் இரண்டு டேப்புகளில் பாட்டும் ஆர்மோனியமும் மட்டும் பதிந்திருந்தன. மற்ற வாத்தியங்களைச் சேர்ப்பதற்குள், வெளியிடுகிறேன் என்று சொன்னவர் ஊரை விட்டே போய்விட்டார். வேலை அப்படியே நின்றது. டேப்புகள் எங்களிடம்தான் இருந்தன.

கனி அண்ணன் என்னைப் பார்த்தார். மெஷின் பல வருஷமாக ஓடவில்லை, கார்டுக்குப் புதுக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று நான் வரிசையாகச் சொன்னேன்.

"இது ஆகுமா, ஆகாதா? அத மட்டும் சொல்லு தாயி."

"தெரியலண்ணே."

"தெரியலன்னா சரி, ஆரம்பிப்போம். ஆகாதுன்னு சொல்லிருந்தாத்தான் யோசிக்கணும்."

ஸ்டுடியோவில் இருந்த புதுக் கருவியில் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளைத்தான் உள்ளே வாங்க முடியும். எட்டு டிராக்கையும் அப்படி எடுக்க வேண்டுமானால் டேப்பை நான்கு முறை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வேகம் கடுகளவு மாறும், பாட்டும் ஆர்மோனியமும் ஒன்றோடொன்று சேராது. அதைவிடப் பெரிய பயம், அவ்வளவு பழைய டேப் நான்கு முறை தாங்குமா என்பது. ஒரே ஓட்டத்தில் எட்டையும் எடுத்துவிட வேண்டும். அதற்கு அந்தப் பழைய கார்டை விட்டால் வேறு வழி எங்களிடம் இல்லை.

முதலில் மெஷின். பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டி மின்சாரம் கொடுத்தோம். விளக்கு எரிந்தது. பொன்னழகி அக்காவின் டேப்பைத் தொடக்கூடாது என்றும், கெட்டாலும் பாதகமில்லாத ஒரு டேப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் கனி அண்ணன் சொல்லிவிட்டார். ஒரு ஜவுளிக் கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் கிடைத்தது. போட்டேன். மெஷின் அதை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு முனகல் முனகியது. வெளியே எடுத்தபோது டேப் சேமியா மாதிரி வந்தது. கனி அண்ணன் அதைக் கையில் சுருட்டிக்கொண்டே, "தள்ளுபடி முடிஞ்சிருச்சு, விடு" என்றார்.

டேப்பை அழுத்திப் பிடித்து இழுக்கும் ரப்பர் உருளை இளகிப் பசைபோல ஆகியிருந்தது. அந்த மெஷினுக்கு இப்போது யாரும் பாகம் விற்பதில்லை. ஆனால் உள்ளே இருப்பது ஏறக்குறைய வீடியோ டெக்கின் வயிறுதான். பழைய வீடியோ டெக் ஒன்று கிடைத்தால் அதன் உருளை பொருந்தலாம் என்று சொன்னேன். மறுநாளே முத்துராமன் அண்ணன் மில் முதலாளி வீட்டிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கழற்றினால் உள்ளே முழுக்கத் தவிடு. ஊதி ஊதி என் முகமெல்லாம் தவிட்டு நிறமாகிவிட்டது. உருளை மட்டும் புதிது போல இருந்தது. ஸ்கேலில் அளந்து பார்த்து மாட்டினேன். இரண்டாவது ஜவுளி விளம்பரம் முழுசாக வெளியே வந்தது.

அடுத்தது கார்டு. புது ஸ்லாட்டில் செருகிக்கொண்டு, தன் தலையில் பழைய கார்டைத் தாங்கும் ஒரு சின்னப் பலகை விற்கிறார்கள் என்று தெரிந்து கூரியரில் வரவழைத்தேன். அதன் மேல் கார்டை ஏற்றியதும் கார்டு கேபினட்டை விட உயரமாகிவிட்டது. மூடி போட முடியவில்லை. அதற்குத்தான் அந்தத் தேக்குக் கட்டை. வாசல் பக்கம் நிலைக்கதவு வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியிடம் கேட்டு வாங்கினேன், அளவு சொன்னதும் சீவியே கொடுத்தார்.

கம்ப்யூட்டர் கார்டைக் கண்டுகொண்டது, ஆனால் அடையாளம் தெரியாத பொருள் என்று எழுதிக் காட்டியது. கார்டை ஓட்ட டிரைவர் வேண்டும். டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று பேசும் சின்ன மென்பொருள். கார்டோடு வந்த டிரைவர் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு எழுதியது. புதியது அதை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. எழுதிய கம்பெனியையோ மூடிவிட்டார்கள். டிரைவர் கிடைக்கவில்லை, டிரைவர் கிடைக்கவில்லை என்று நான் போனில் ஒவ்வொருவரிடமும் புலம்பிக்கொண்டிருந்ததை முத்துராமன் அண்ணன் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னார். "நம்ம மில்லுல ரெண்டு பேரு லோடு இல்லாம சும்மாத்தான் இருக்காக. வரச் சொல்லவா?"

அதற்குச் சிரித்த சிரிப்பில்தான் என் மூளை கொஞ்சம் இளகியது என்று நினைக்கிறேன். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று இருக்கிறது. அதில் பழைய கருவிகளை அவ்வளவு சீக்கிரம் கைகழுவ மாட்டார்கள் என்று எப்போதோ படித்திருந்தேன். தனி டிஸ்க் ஒன்றில் அதை ஏற்றினேன். ஸ்டார்ட் செய்ததும், நான் ஒன்றுமே கொடுக்காமல், கார்டின் பெயரும் அதன் எட்டு உள்வாசல்களும் திரையில் வரிசையாக வந்து நின்றன. கம்பெனி மூடிய பிறகும் யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்தக் கார்டுக்காக உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறார். அவர் எந்த ஊரோ, என்ன மொழி பேசுகிறவரோ. அவருக்கும் ஒரு வடை சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஒளிக் கேபிளைச் செருகி ஜவுளி விளம்பரத்தை ஓட்டினேன். சத்தம் வந்தது. கூடவே டிக், டிக் என்று ஒரு தட்டல். கனி அண்ணன் சுவரைப் பார்த்து நின்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பினார்.

"ஒரே உரல்ல ரெண்டு பேரு உலக்கை போடுறாக. ஆளுக்கொரு கணக்குல போட்டா இடிக்கத்தானே செய்யும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. மெஷின் தன் கடிகாரப்படி ஒலியை அனுப்புகிறது, கார்டு தன் கடிகாரப்படி வாங்குகிறது. நூலளவு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து ஓர் இடத்தில் இடிக்கிறது. கார்டின் செட்டிங்கில் போய், சொந்தக் கடிகாரத்தை விட்டுவிட்டு மெஷினின் கடிகாரத்தைப் பின்பற்றும்படி மாற்றினேன். அது ஒன்றை மட்டும்தான் மாற்றினேன். தட்டல் நின்றது.

ஆனாலும் மெஷினின் முகப்பில் பிழை விளக்கு அவ்வப்போது மின்னியது. டேப்பைப் படிக்கும் நுண்ணிய தலைகள் பதித்த உலோக உருண்டை அழுக்காக இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. அதைத் துடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பஞ்சு ஆகாது, நார் மாட்டிக்கொள்ளும். மான் தோல் போல மெத்தென்ற துணியில் சுத்த ஸ்பிரிட்டைத் தொட்டு, உருண்டையின் பக்கத்தில் லேசாக வைத்துக்கொண்டு, துணியை அசைக்காமல் உருண்டையை மட்டும் விரலால் சுற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் தேய்த்தால் மயிரிழை போன்ற தலைகள் ஒடிந்துவிடும். ஒடிந்தால் மாற்று கிடையாது. எங்கள் வேலையிலேயே மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை அதுதான். நான் சுற்ற, கனி அண்ணன் டார்ச் அடித்துக்கொண்டு குனிந்திருந்தார். துணி பழுப்பானது. மாற்றினேன். அதுவும் பழுப்பானது. வெள்ளையாகவே வரும்வரை துடைத்துவிட்டு ஸ்பிரிட் காயட்டும் என்று திறந்துவைத்தோம். பிறகு ஓட்டியபோது விளக்கு மின்னவில்லை.

அதற்கு மேல் பரிசோதனை செய்ய ஒன்றும் இல்லை. அக்காவை வரச் சொன்னோம். கனி அண்ணன் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் பார்த்தாயிற்று, இருந்தாலும் உங்கள் டேப் பழசு, உள்ளே போனது முழுசாக வெளியே வரும் என்று எழுதிக் கொடுக்க முடியாது, அறுந்தால் அதோடு போயிற்று, வேண்டாம் என்றால் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

அக்கா மடியில் இருந்த டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஓட விடுங்கண்ணே. பெட்டிக்குள்ள கெடந்தா மட்டும் அது பாடவா போகுது?"

போட்டேன். மெஷின் டேப்பை உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும் அந்தச் சின்ன நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. கனி அண்ணனின் உதடும் அசைந்தது. திரையில் ஆர்மோனியத்தின் கோடு எழும்பியது. அடுத்து, காளையார்கோவில் பொன்னழகியின் குரல்.

எப்படிச் சொல்வது? வேர்க்கும் வெயிலில் மண்பானைத் தண்ணீரை முகத்தில் அடித்ததுபோல இருந்தது.  முதல் டேப் முழுக்க அக்கா விரலால் தொடையில் தாளம் போட்டார். சில இடங்களில் முகம் சுளித்தார். பாட்டு பிடிக்காமல் இல்லை. அந்த இடத்தில் இன்னும் நன்றாகப் பாடியிருக்கலாம் என்ற கணக்கு அது.

இரண்டாவது டேப்பில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி. பாட்டும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. ஆனால் எட்டாவது டிராக்கின் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அந்த டிராக்கில் எதுவும் இருக்கும் என்று நான் நினைக்காததால் அதன் ஒலியைத் திறக்கவே இல்லை. என்னவென்று கனி அண்ணனைக் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. திறந்தேன்.

"அண்ணே, அந்த ஃபேனக் கொஞ்சம் போடச் சொல்லுங்க. அவிஞ்சு போறேன்."

பேச்சு. பாட்டு இல்லை, பேச்சு. கணீரென்று அக்காவின் குரல். அதற்குப் பதிலாக இளவயதுக் கனி அண்ணன், ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்கிறார்.

"ஃபேன் சத்தம் விழுகட்டும். நான் விழுந்துட்டா யாரு பாடுறது?"

பாடுகிறவரும் மெஷின் இருக்கும் இந்த அறையில் இருப்பவரும் பேசிக்கொள்ளத் தனியாக ஒரு மைக் வைத்திருந்ததையும், எட்டாவது டிராக் காலியாக இருந்ததால் அதையும் சும்மா பதிவுக்குப் போட்டுவைத்ததையும் அப்போதுதான் கனி அண்ணன் நினைவுபடுத்திக்கொண்டார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்மோனியக்காரரைக் கேலி செய்கிறார், தண்ணீர் கேட்கிறார், கதவைத் தட்டிய யாரையோ உள்ளே வரச் சொல்கிறார், இருமுகிறார். பிறகு சற்றுத் தணிந்த குரலில், "இவுக கீழதான் நிக்கிறாகளா? நான் வர நேரமாகும், சாப்புட்டுக்கிறச் சொல்லுங்க" என்கிறார்.

முத்துராமன் அண்ணன் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"அன்னைக்கு நான் சாப்புடல" என்றார். "சேந்து சாப்புடலாம்னு நின்னுக்கிட்டே இருந்தேன்."

அக்கா பாடிய பாட்டு எத்தனையோ பேருடைய கேசட்டுகளில் இருக்கிறது. மேடை நிகழ்ச்சிகளை யாராவது பதிவு செய்துவைத்திருப்பார்கள். ஆனால் அவர் பேசியது எங்கேயும் இல்லை. யார் பேச்சைத்தான் யார் பதிவு செய்கிறோம்? ஆபரேஷனுக்குப் பிறகு பிறந்த பேரனுக்குப் பாட்டியின் பேச்சு என்றால் காற்றுதான். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பாட்டு கெடக்கட்டும் சிவகாமி. இத மொதல்ல எடு."

எடுத்தேன். எட்டு டிராக்கும் ஒரே ஓட்டத்தில் வந்தன. இரண்டு டேப்பும் முழுசாக வெளியே வந்தன. அன்றைக்கு வடையோடு கூட ஆளுக்கொரு தட்டு, எங்கள் செட்டிநாட்டுப் பலகாரமான மசாலாச் சீயமும் வந்தது. அதை நான் இதுவரை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. தபலாவும் புல்லாங்குழலும் புதிதாகச் சேர்த்தோம். அக்கா ஒவ்வொரு நாளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பிடிக்காத இடத்தில் பேனாவால் மேசையைத் தட்டுவார். பத்துப் பாட்டும் அவர் பெயரோடு இணையத்தில் ஏறின. பஸ் பாட்டு எங்கள் பக்கத்து டிரைவர்கள் கண்டக்டர்கள் போனில் எல்லாம் சுற்றியது. அதைக் கிராமத்துப் பாட்டு என்று அறிவித்த குழுவினரும் கேட்டிருக்கிறார்கள். நேரில் போய் அக்காவிடம் வருத்தம் தெரிவித்தார்கள். இனிமேல் பாடலாமா என்று கேட்டார்கள். தாராளமாகப் பாடுங்கள், ஆனால் கடைசிச் சரணத்தில் நீங்கள் மாற்றிய வரி மட்டமாக இருக்கிறது, என் வரியைப் பாடுங்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அடுத்த மேடையில் அவரை முன்வரிசையில் உட்காரவைத்துப் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடினார்கள். நானும் போயிருந்தேன். கூட்டம் கைதட்டியபோது அக்கா எழுந்து கும்பிட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தபலா இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றார்.

எட்டாவது டிராக்கை அக்கா என்ன செய்தார் என்பது வெகுநாள் எனக்குத் தெரியாது. துண்டு துண்டாக வெட்டிப் போனில் போட்டுத் தரச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம் காளையார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அப்படியே அக்காவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் வீட்டுக்குப் போய் வாசலில் மணியை அடித்தேன். உள்ளேயிருந்து தெருவுக்கே கேட்கும்படி குரல் வந்தது.

"யாரு அது? கதவு தெறந்துதான் கெடக்கு, உள்ள வாங்க."

அக்காவின் அந்தக் காலத்துக் குரல். கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. மறுபடியும் தள்ளினேன். அதற்குள் உள்ளே வளையல் குலுங்க யாரோ ஓடிவரும் சத்தம். கதவைத் திறந்த பொன்னழகி அக்கா, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.